ஓரளவு

எங்கள் அண்ணி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் அப்புறம் வாயைத் திறக்கமாட்டாள். நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கோபமாகவும் இல்லை, சிரித்துக்கொண்டும் இல்லை. பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. "தெரியல அண்ணி" என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தாலும் அது நகராது. கொஞ்ச நேரத்தில் சொல்ல நினைக்காத பதிலெல்லாம் வெளியே வந்து விழும்.

அண்ணி போய் இது இரண்டாவது மழைக்காலம். யாராவது என்னிடம் எதையாவது கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டால் எனக்கு இப்போது எரிச்சல் எரிச்சலாக வருகிறது. நேற்று எங்களிடம் இட்லி மாவு வாங்க வந்த ஒரு அம்மாள் "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் பாதித் தெரு போய்விட்டாள். எதற்குக் கேட்கிறார்கள்?

அண்ணிக்குக் கேட்பதுதான் வேலை. வீடுவீடாகப் போய்ச் சர்வே எடுப்பாள். தோளில் ஒரு பை, கையில் குடை, காலில் ரப்பர் செருப்பு. டாலிகஞ்சில் காலை, டாக்குரியாவில் மத்தியானம், திரும்பி கார்டன் ரீச்சில் எங்கள் வீட்டுக்கு வரும்போது முகம் கருத்துப்போயிருக்கும். நான் எட்டாவதோடு நின்றவள். அவள் பி.ஏ. ஆனால் வங்காள மொழியை என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டாள். மாவு விற்கும் ஜன்னலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டாள். கடைசியில் இங்கேயே பிறந்த என்னைவிடச் சுத்தமாகப் பேசினாள்.

அவளுக்குக் கோவில்பட்டிப் பக்கம். குழாயடியில் குடத்தோடு நின்றே வளர்ந்தவள். பெண் பார்க்கப் போனபோது, "ஏதாவது கேக்கணும்னா கேளும்மா" என்று எங்கள் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவள் அண்ணனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உங்க ஊர்ல தண்ணி எப்படி?"

கேட்டுவிட்டு அப்படியே பார்த்தாளாம். அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. "தண்ணிக்குப் பஞ்சமே கிடையாது" என்றான். பொய்யில்லை. அவள் வந்த முதல் மழைக்காலத்திலேயே தண்ணீர் வாசலைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, அவள் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியைத் தொட்டது. அண்ணி பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "ஆமாங்க, பஞ்சமே இல்ல" என்றாள். அதைச் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்கில் சிரித்தோம்.

எங்கள் வீடு கங்கைக்கு இரண்டு தெரு தள்ளி. மூன்று மாடிக் கட்டடத்தில் தரைத்தளம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கங்கை ஏறும். இங்கே அதைக் கோட்டால் என்பார்கள். அதே நாளில் பெருமழையும் பிடித்துக்கொண்டால், சாக்கடைத் தண்ணீர் ஆற்றுக்குள் போக வழியில்லாமல் திரும்பி வீட்டுக்குள் வரும். அதனால் எங்கள் தெருவில் எல்லார் வீட்டுக் கட்டிலும் செங்கல் மேல்தான் நிற்கும். போன வருஷத்தைவிடத் தண்ணீர் ஏறினால், ஒவ்வொரு காலுக்கும் இன்னொரு செங்கல். மாவு அரைக்கும் கிரைண்டருக்கும் அப்படித்தான். அம்மா தன் கட்டிலில் ஏற ஒரு முக்காலி போட வேண்டியிருந்தது. எழுந்து உட்கார்ந்தால் ஃபேன் தலையில் இடித்துவிடுமோ என்று அண்ணன் பயந்தான். ஆனால் வீட்டை மாற்றலாம் என்று யாரும் சொல்லவில்லை. செங்கல் கிடைக்கிறவரை அதைச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

சோப்பு, டீத்தூள், தலைக்கு எண்ணெய் என்றுதான் அண்ணி முதலில் சர்வே எடுத்தாள். அப்புறம் அந்தப் பெரிய சர்வே வந்தது. யாரோ வெளிநாட்டுக்காரர்கள் கேட்டு எடுப்பது. உலகம் பூராவும் அதே கேள்வி, அதே வரிசை.

"யோசிச்சுப் பாரு பிள்ள," என்பாள். "இந்த நேரத்துல ஜப்பான்ல ஒருத்தி, பிரேசில்ல ஒருத்தி, என்னை மாதிரியே குடையை மடக்கிட்டு யாரு வீட்டு பெல்லையோ அடிச்சிட்டு நிப்பா. அவளுக்கும் கால் வலிக்கும்ல?"

கேள்வி இதுதான். பூமி சூடாகிக்கொண்டே வருகிறது என்கிறார்கள், அதைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு கவலை? கேட்டுவிட்டு ஒரு அட்டையை நீட்டுவாள். அதில் நான்கு பதில்கள். மிகவும், ஓரளவு, கொஞ்சம், கவலையே இல்லை. அதில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்லும்போது அண்ணி தலையை ஆட்டக் கூடாது. சிரிக்கக் கூடாது. "ஆமாங்க" என்று ஒரு வார்த்தை வரக் கூடாது.

"ஏன் அண்ணி?"

"நான் தலையாட்டிட்டா அடுத்த பதிலை எனக்குப் பிடிக்கிற மாதிரி சொல்வாங்க. அவங்க மனசுல இருக்கறது உள்ளேயே போயிடும்."

சாயங்காலம் வந்து ஒவ்வொருவரையும் நடித்துக் காட்டுவாள். யார், எந்த வீடு என்று சொல்லமாட்டாள். டாக்குரியாவில் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வந்து, கான்வாஸ் ஷூவைக் கழற்றிக்கொண்டே ஒரு பெரியவர், "மத்தவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டாராம். அண்ணி பேசாமல் நின்றிருக்கிறாள். அவர் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "நிறையப் பேரு எதைச் சொன்னாங்களோ அதையே எனக்கும் போட்டுக்கோ மா" என்றாராம். எல்லாரும் முதலில் கேட்பது அதுதான் என்பாள். நான் எவ்வளவு பயப்படணும் என்று பக்கத்து வீட்டைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுகிறார்கள்.

டாலிகஞ்சில் சினிமா ஸ்டுடியோவில் மேக்கப் போடுகிற ஒருவர். "பனிமலை உருகுறதைக் கேக்குறியா? இங்க ஃபேனை நிறுத்தினா ஹீரோயின் மூஞ்சியே உருகுது, அதுக்கு ஒரு அட்டை வச்சிருக்கியா?" அண்ணிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்ததாம். உள்ளே கன்னத்தைக் கடித்துக்கொண்டு நின்றாளாம். "ரத்தமே வந்துடுச்சு பிள்ள" என்று வாயைத் திறந்து காட்டினாள்.

எங்கள் தெரு முனையில் மீன் விற்கிற ஒருத்தி, எல்லாரும் மாசி, அதாவது சித்தி, என்று கூப்பிடுவார்கள். ஆற்றில் இலிஷ் மீன் குறைந்துபோனதை அவளைப்போலச் சொல்ல ஆள் கிடையாது. மழை தப்பிப் பெய்கிறது, கடல் தண்ணீர் உள்ளே ஏறுகிறது, மீன் வழி மறந்துவிட்டது என்று கத்தியை மீன் மேல் வைத்தபடியே சொல்வாள். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் அட்டையைப் பார்க்காமலே சொன்னாளாம்.

"ஓரளவுன்னு போடு பௌதி."

இங்கே அண்ணியைப் பௌதி என்பார்கள். அண்ணி பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள்.

"அப்படிப் பாக்காத. மிகவும்னு சொன்னா நீ இன்னும் பத்துக் கேள்வி கேப்ப. இல்லவே இல்லன்னா ஏன்னு கேப்ப. ஓரளவுன்னா குடையை எடுத்துக்கிட்டுப் போயிடுவ. எனக்கு யாவாரம் இருக்கு."

இதைச் சொல்லும்போது மட்டும் அண்ணி நடித்துக் காட்டவில்லை. மெதுவாகச் சொன்னாள். அவள் பையில் இருந்த தாளிலெல்லாம் அதிகமாக விழுந்த பதில் அதுதான். ஓரளவு.

கேள்வியை வாய்க்குப் பழக்க வீட்டில் எங்களிடம் சொல்லிப் பார்ப்பாள். சொந்தக்காரர்களின் பதிலைக் கணக்கில் எடுக்கக் கூடாதாம், சும்மா பழக்கத்துக்கு. அம்மா உளுந்து களைந்துகொண்டிருந்தாள்.

"எனக்கென்னம்மா கவலை? என் மாவு புளிக்கிறதுதான் கவலை. நீ வந்த புதுசுல ராத்திரி கரைச்சு வச்சா விடியத்தானே பொங்கும்? இப்ப வெயில் நாள்ல சாயங்காலமே மூடியைத் தள்ளிட்டு வருது. அதுக்கு என்ன போடுவ?"

அண்ணி அட்டையைப் பிடித்தபடி பார்த்தாள்.

"ஏட்டி, இவளை அந்தப் பக்கம் பாக்கச் சொல்லு. உளுந்துல கல்லு தெரியமாட்டேங்குது" என்றாள் அம்மா.

அந்த வருஷந்தான் மூன்றாவது மாடி காலியானது. வீட்டுக்காரர் நல்ல மனுஷர். அதே வாடகைக்கு மேலே போய்க்கொள்ளுங்கள் என்றார். அம்மா மாடிப்படியை அண்ணாந்து பார்த்தாள். மேலே மொட்டைமாடிக்கு அடியில் இருக்கிற அறைகள், சித்திரை வைகாசியில் சுவரில் கை வைக்க முடியாது. மாவு வாங்க யார் அவ்வளவு தூரம் ஏறுவார்கள்? அம்மாவுக்கு முழங்கால் வேறு.

"கீழ தண்ணி, மேல தீ. எனக்குத் தண்ணியே போதும்டா. அது வருஷத்துக்கு நாலு நாள் வந்துட்டுப் போயிடுது."

"அம்மா சொல்றதுதான்" என்றான் அண்ணன். அவனுக்கு எதிலும் அம்மா சொல்வதுதான். கப்பல் ஏஜெண்டு ஆபீசில் நாள் பூராவும் மற்றவர்கள் சொல்வதை எழுதிவிட்டு வருகிறவன், வீட்டிலும் அப்படித்தான். நானும் கீழேயே இருக்கலாம் என்றேன். ஜன்னலை விட்டால் எனக்கு வேறு உலகம் இல்லை.

அண்ணி இடையில் உட்கார்ந்து மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தலையாட்டவில்லை. அந்த முகத்தை அவள் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருவாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஆடி பௌர்ணமிக்கு மழை பிடித்தது. தண்ணீர் மத்தியானமே உள்ளே வந்துவிட்டது. அண்ணன் ஆபீசில் இருந்தான். அம்மா தன் கட்டிலில் ஜெபமாலை மாதிரி மாவுக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். நானும் அண்ணியும் இன்னொரு கட்டிலில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கீழே செருப்புகளெல்லாம் மிதந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நிற்கவும் இடமில்லை. சும்மா இருக்க முடியாமல்தான் அவள் பையைத் திறந்து அட்டையை எடுத்தேன். அவளைப்போலவே குரலை வைத்துக்கொண்டேன்.

"மூணாவது மாடிக்குப் போகணும்னு உங்களுக்கு எவ்வளவு ஆசைங்க? மிகவும், ஓரளவு, கொஞ்சம், ஆசையே இல்லை."

"போ பிள்ள. எங்கிட்டயேவா?"

நான் பேசவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் சிரித்தாள். சேலை முந்தானையை இழுத்து விட்டாள். தண்ணீரைப் பார்த்தாள். "அந்தச் செருப்பை எடுடி, வெளியே போயிடப் போவுது" என்றாள். நான் எடுக்கவில்லை. என்னிடம் எப்படி அந்தப் பார்வை வந்தது என்று எனக்கே தெரியாது. 

"மிகவும்" என்றாள்.

அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"எனக்குப் பயமா இருக்கு பிள்ள. தண்ணி எம்பொட்டியைத் தொட்ட அன்னிலேர்ந்து பயமாத்தான் இருக்கு. மேகம் கறுத்துட்டா எந்த வீட்டு வாசல்ல நின்னாலும் எனக்கு இந்த ரூம்தான் ஞாபகம் வரும். அவங்க பதில் சொல்றது காதுலயே விழாது."

"அப்ப ஏன் அண்ணி சொல்லல?"

"யாரும் கேக்கலியே."

நான் அன்றைக்கே அம்மாவை எழுப்பிச் சொன்னேன். அண்ணி என் கையைக் கிள்ளினாள், நான் விடவில்லை. அம்மா கொஞ்ச நேரம் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம், "ஏம்மா, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த இத்தனை வருஷம்?" என்று மருமகளைத் திட்டினாள். திட்டிவிட்டு, "சரி, போவோம். பூஜை யாவாரம் மட்டும் முடியட்டும்" என்றாள். துர்கா பூஜை சமயத்தில் எங்கள் ஜன்னலில் கூட்டம் நெரியும். அதை விட்டுவிட்டு மேலே போக யாருக்கும் மனசு வராது. அண்ணிக்குமே அது நியாயமாகத்தான் பட்டது. "பூஜை முடிஞ்சதும் போயிடலாம் அத்தை" என்று அவளே சொன்னாள். அன்று மாலை மாடிக்குப் போய்ப் பூட்டிய கதவின் இடுக்கு வழியாக உள்ளே பார்த்துவிட்டு வந்தாள். "காத்து வருது பிள்ள" என்றாள். அவள் தன் வாயால் ஒரு வீட்டைப் பற்றி நல்லது சொன்னது அதுதான்.

தண்ணீர் வடிந்தபிறகு கொசு வந்தது. தெருவில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். அண்ணிக்கும் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் இருந்தோம். ஈறில் ரத்தம் வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டெங்கு என்றார்கள். அங்கே ஒரு நர்ஸ் வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"வலி எப்படி இருக்கு? ரொம்பவா, கொஞ்சமா?"

அண்ணி கண்ணைத் திறந்தாள். "ஓரளவு" என்றாள்.

நர்ஸ் போய்விட்டாள். வார்டு பூராவும் ஆட்கள், தரையில் வேறு படுத்திருந்தார்கள், அவளும் என்ன செய்வாள்? அண்ணி என்னைப் பார்த்து ஒரு பக்கமாகச் சிரித்தாள். எதற்கு அப்படிச் சொன்னாள் என்று எனக்கு மட்டும் தெரியும். நான் ஓடிப்போய் நர்ஸைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். "அவங்க பொய் சொல்றாங்க, திரும்பக் கேளுங்க" என்றேன். அவள் திரும்பக் கேட்டாள், நின்று கேட்டாள். ஊசி போட்டார்கள். மகாளயத்துக்கு முன்னால் அண்ணி போய்விட்டாள்.

பூஜை வந்தது, போனது. தெருவெல்லாம் மேளம். எங்கள் ஜன்னல் சாத்தியே கிடந்தது. அப்புறம் நான் மாடிப் பேச்சை எடுத்தபோது அம்மா கத்தினாள்.

"அவ இருந்த வீடுடி இது! அவளே போயிட்டா, இனி மேல போனா என்ன, கீழ கிடந்தா என்ன? நான் வரமாட்டேன்."

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சண்டை போடவில்லை. அம்மாவுக்கு எதிரே போய் உட்கார்ந்தேன்.

"அண்ணி இருந்தா என்னம்மா சொல்லியிருப்பாங்க?"

கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன். அம்மா மூக்கைச் சிந்தினாள். எழுந்துபோய் விளக்கைத் தூண்டினாள். திரும்பி வந்தாள், நான் அங்கேயேதான் இருந்தேன். "அவளை மாதிரிப் பாக்காதடி" என்றாள். நான் பார்வையை எடுக்கவில்லை. அம்மா அழ ஆரம்பித்து, அழுது முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். 

"காத்து வருதுன்னு சொன்னாளே" என்றாள் கடைசியில். "போவோம்."

கிரைண்டரை அண்ணனும் மீன் மாசியின் மகனும் தூக்கி ஏற்றினார்கள். மேலே நிஜமாகவே தீதான். வைகாசியில் ஈரத் துணியைத் தரையில் விரித்து அதன்மேல் மாவுத் தூக்கை வைக்கிறோம். மூன்றாம் மாடி ஏறி யாரும் வருவதில்லை என்பதும் நிஜம். அதனால் ஒரு பிளாஸ்டிக் கூடையில் கயிறு கட்டி இறக்குகிறேன். கீழேயிருந்து கத்துகிறார்கள், மேலேயிருந்து நான் கத்துகிறேன். வியாபாரம் பாதியாகிவிட்டது. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் இறங்குகிறாள். மழை பெய்தால் இப்போதும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். எதற்கென்று தெரியாமல் வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடக்கிறேன்.

கீழ்வீடு காலியாகவே இருக்கும் என்று நான் என்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு பீகார்க் குடும்பம் வந்து சாமான் இறக்கினார்கள். புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். அவளுக்கு என் வயசுதான் இருக்கும், வயிற்றில் குழந்தை. மேலேயிருந்து பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. இறங்கிப் போனேன். அவள் பாத்திரங்களைச் சாக்கிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இங்க தண்ணி வரும்" என்றேன்.

"தெரியும் தீதி. வீட்டுக்காரர் சொல்லிட்டாரு."

"நிறைய வரும்."

"எங்க வரல? எங்க ஊர்ல ஆறு வீட்டையே பேத்துக்கிட்டுப் போயிடுச்சு. நாங்க மரத்துல ஏறி உக்காந்திருந்தோம். இங்க கட்டில்லயாவது உக்காரலாமே." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தப்பித்து வந்து சேர்ந்த இடம், நாங்கள் தப்பித்துப் போன இடம். அவளிடம் மேலே போ என்று சொல்ல மேலே வீடும் இல்லை, அங்கே நாங்கள் இருக்கிறோம்.  திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றேன்.

அவள் ஒரு குண்டானைத் துடைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க இங்கதானே தீதி இருந்தீங்க? அப்புறம் எப்ப மேல போகணும்னு உங்களுக்குத் தோணுச்சு?"

"எங்க அண்ணி செத்தப்புறம்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அவள் "ஐயோ" என்று சொல்லவில்லை. பேச்சை மாற்றவும் இல்லை. குண்டானைத் தரையில் வைத்தாள். கட்டிலின் மேல் கிடந்த மூட்டையைத் தள்ளி இடம் பண்ணினாள்.

"உக்காருங்க தீதி" என்றாள். "எப்படி ஆச்சு?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் உட்கார்ந்தேன்.